பூஜையில் வைத்த போர்க்கப்பல்

மாடிப்படி ஏறி முடித்ததும் எதற்காக ஏறினோம் என்று யோசிக்கிற வயதுக்கு வந்துவிட்ட சகாக்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்த அன்று அதற்கு ஆரத்தி எடுத்தார்களா? இல்லை என்பவர்கள் என்னைவிட நவீனமான குடும்பத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்கு என் வாழ்த்துகள். எங்கள் வீட்டில் எடுத்தார்கள். அப்போது மானிட்டர் பெட்டியின்மேல் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். சுற்றிய ஆரத்தியில் அவனும் சேர்ந்துகொண்டான். இந்தக் கதையில் பாதி அவனுடையது.

தொண்ணூறுகளின் நடுவில், ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் வந்த முதல் நல்ல நாள். தேனாம்பேட்டையில் ஒரு கடையில் வாங்கிய கம்ப்யூட்டரை மயிலாப்பூருக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்டோவில் வைத்தால் குலுங்கும், டெம்போவில் வைத்தால் உருளும் என்று கல்லூரியில் சரித்திரம் போதித்துவந்த என் அப்பா ஆராய்ந்து முடிவெடுத்து, ஒரு மீன்பாடி வண்டி பேசினார். முன்னால் பலகைத் தட்டு, பின்னால் மிதிப்பவர், மொத்தம் மூன்று சக்கரம் உள்ள அந்த வண்டியில் தலையணைகளைப் பரப்பி, பெட்டிகளை அடுக்கி, அவர் பக்கவாட்டில் ஒரு கையால் பெட்டியைத் தொட்டபடி, உற்சவர் புறப்பாட்டில் கூட நடக்கிற பட்டர் மாதிரி நடந்தார். நான் பின்னால் நடந்தேன். பெட்டி சரியாமல் இருக்க அதன் உச்சியில் வண்டிக்காரரின் மகன். என் வயதுதான், பன்னிரண்டு.

"இன்னா சார், இவ்ளோ மெதுவா போவச் சொல்றீங்க? உள்ள சாமியா கீது?" என்றான் அவன்.

"அதுக்கும் மேலடா. எதிர்காலம்" என்றார் அப்பா.

"எதிர்காலம் செம வெயிட்டா கீது சார். நைனா மூச்சு வாங்குது பாருங்க."

அன்றிலிருந்து அவன் என் கூட்டாளி. வீடு ரொம்ப தூரமில்லை. எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கால்வாய்க் கரை, அதன் ஓரத்தில் ஓலையும் தகரமுமாக இருந்த வரிசையில் ஏழாவது. சனி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நிற்பான். செருப்பைக் கழற்றுவான். கால் கழுவுவான். இது அவனுக்கு மட்டுமான சட்டமில்லை. கம்ப்யூட்டர் இருந்த கூடத்துக்குள் நுழைய எல்லோருக்கும் அதே சட்டம். ஜலதோஷம் பிடித்தவர்கள் அருகில் வரக் கூடாது என்று இன்னொரு சட்டமும் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வைரஸ் வரும் என்று அப்பா எங்கேயோ படித்திருந்தார். அம்மா ஒருமுறை தாளிக்கும்போது தும்ம, அவர் பாய்ந்து வந்து மானிட்டரைத் துணியால் மூடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த எந்திரத்தில் அப்பா சென்னைக் கடற்கரையின் வரலாற்றை எழுதத் தொடங்கியிருந்தார். ஒரே விரலால். ஆறு வாரத்தில் ஒன்றேகால் பக்கம் ஆகியிருந்தது. அந்த ஒன்றேகால் பக்கமும் எம்டனைப் பற்றியது.

எம்டனை உங்களுக்குத் தெரியும். முதல் உலகப்போரில் சென்னைக்கு எதிரே கடலில் வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். கப்பல் போய்விட்டது, பெயர் தமிழில் தங்கிவிட்டது. கண்டிப்பான ஹெட்மாஸ்டர் எம்டன், ஏமாற்ற முடியாத வீட்டுக்காரர் எம்டன். எங்கள் குடும்பத்திலும் ஒரு எம்டன் கதை உண்டு. என் கொள்ளுத்தாத்தா வெள்ளிப் பாத்திரங்களைக் கிணற்றில் இறக்கிவிட்டு கும்பகோணத்துக்கு ரயிலேறினாராம். பயம் தெளிந்து திரும்பிவந்து எடுத்துப் பார்த்தால் ஒரு கூஜா குறைந்ததாம். அந்தக் கூஜாவை அப்பா எம்டனின் கணக்கில்தான் வைத்திருந்தார்.

இந்தச் சூழ்நிலையில்தான் அடையாறு மாமாவின் பையன் ஐந்து ஃப்ளாப்பிகளில் ஒரு கடற்போர் விளையாட்டை எனக்குக் கொடுத்தான். நாலாவது ஃப்ளாப்பியில் ஏதோ கோளாறு. பிரிட்டிஷ் கப்பல்களைத் தேர்ந்தெடுத்தால் திரை உறைந்துவிடும். ஜெர்மன் பக்கம் மட்டும் திறந்தது. அதிலும் ஒரே ஒரு கப்பல், ஒரு ஹெவி குரூசர். ஆகவே நாங்கள் கொள்கை எதுவும் இல்லாமல், ஃப்ளாப்பியின் தயவால் ஜெர்மானியரானோம். அந்தக் கப்பலின் நிஜப்பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவர்மேல் எச்சில் தெறிக்கும்.

"எம்டன்னே வெச்சிக்கலாம் மச்சி. வாய்க்கு ஈஸியா கீது" என்றான் கூட்டாளி.

நாலு பீரங்கிக் கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு குழாய். வெள்ளை வேட்டிக்கு நீலம் அதிகமாகிவிட்டால் வருமே, அந்த நிறத்தில் கடல். அதன்மேல் சாம்பல் நிறத்தில் எங்கள் எம்டன். அம்புக்குறி விசைகளைத் தட்டினால் திரும்பும். கூட்டல், கழித்தல் விசைகளில் வேகம். எதிரி கண்ணில் பட்டால் கம்ப்யூட்டர் டப்பாவுக்குள்ளிருந்து ஒரு கீச்சுக் குரல் விடாமல் அலறும். வடக்கே நார்வேயிலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக்கில் சுற்றி, பிரான்சில் இருக்கும் துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. துறைமுகத்தில் நின்றால்தான் சேமிக்கலாம். மூழ்கினால் மறுபடியும் நார்வே.

நாங்கள் பதினோரு முறை நார்வேயிலிருந்து கிளம்பினோம். பதினோரு முறை மூழ்கினோம். எட்டு முறை என்னால்.

கூட்டாளியால் மூழ்கியது மூன்றே முறை. அவனுக்கு அது கைவந்திருந்தது. நான் கப்பல் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுடுவேன். குண்டு போய்ச் சேரும்போது கப்பல் அங்கே இருக்காது. அவன் கப்பலுக்கு முன்னால் வெறும் கடலில் சுடுவான். கப்பல் தானாக வந்து குண்டில் மாட்டும்.

"எப்படிடா?"

"கால்வாய்ல பாட்டில் மிதந்துகினு போவும்ல? பாட்டில பாத்துக் கல்லு உட்டா படாது. அது எங்க வரப்போவுதோ அங்க உடணும். உனுக்கு கால்வாயே கிடையாது, பாவம்."

என்மேல் யாராவது உண்மையாகப் பரிதாபப்பட்டது அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியுமா? தெரியும், தெரியாது. அவர் கூடத்தைக் கடக்கும்போது திரையில் கோணங்களும் டிகிரிகளும் எண்களும் ஓடும். "திரிகோணமிதி" என்று நான் ஒருமுறை சொன்னேன். அது பொய் இல்லை என்று இன்றும் வாதாடுவேன். அவர் மகிழ்ந்து, அத்தை வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் பையன் கம்ப்யூட்டரில் உயர்கணிதம் செய்வதாகத் தெரிவித்தார்.

அம்மாவைப் பற்றி நாங்கள் கவலைப்படவே இல்லை. அவள் எங்களுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பூ தொடுப்பாள், அல்லது அவரைக்காய் நார் உரிப்பாள். அவ்வப்போது சம்பந்தமில்லாத கேள்வி கேட்பாள்.

"ஏன்டா, இந்தக் கப்பல்ல எத்தனை பேர் இருக்கா?"

"ஆயிரத்துச் சொச்சம் பேர்மா."

"அத்தனை பேருக்கும் யார் சமைக்கறா? அவன் பேரைப் போடவே இல்லையே."

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

இன்னொரு நாள் நாங்கள் ஒரு சரக்குக் கப்பலைத் துரத்திக்கொண்டிருந்தபோது, "அது பாவம், சரக்குக் கப்பல்னா? அதுல அரிசி இருந்தா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. கூட்டாளிதான் விசையிலிருந்து கையை எடுத்தான். "மாமி சொல்றது கரீட்டு மச்சி. அரிசி இருந்தா இன்னா பண்றது?" அதன் பிறகு நாங்கள் சரக்குக் கப்பல்களை விட்டுவிட்டோம். யாரையும் ஜெயிக்க வேண்டாம், ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று எங்கள் போர்த் தந்திரம் மாறியது. எதிரியைக் கண்டால் ஒதுங்குவது. மழை மேகம் தெரிந்தால் அதற்குள் ஒளிவது. பன்னிரண்டாம் முறையாகக் கிளம்பிய எம்டன் இப்படியே மூன்று வாரம் கடலில் உயிரோடு இருந்தது. வார நாட்களில் கூடக் கம்ப்யூட்டரை அணைக்காமல் திரையை மட்டும் அணைத்து, கப்பலை நிறுத்திவைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். நல்லவேளை, அந்த மூன்று வாரமும் அப்பா அடுத்த பத்திக்காக நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். திரை கருத்தால் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது என்பது அப்பாவின் சித்தாந்தம். உள்ளே விசிறி முனகுவதை அவர் யூ.பி.எஸ்.ஸின் மூச்சு என்று நினைத்திருந்தார்.

நவராத்திரி வந்தது. காலாண்டு விடுமுறையும் வந்தது. கூடத்தில் ஒரு பக்கம் கொலு, மறுபக்கம் கம்ப்யூட்டர். கூட்டாளி தீப்பெட்டிகளை ஒட்டி, ஊதுபத்திக் குச்சிகளைப் பீரங்கியாக்கி ஒரு குரூசர் செய்துகொண்டு வந்தான். அம்மா அதைக் கொலுவுக்குக் கீழே கண்ணாடியால் செய்த குளத்தில், மச்சாவதாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பார்க்க வந்த மாமிகள் அதை ஏதோ புராணப் படகு என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தீப்பெட்டிக் கப்பல் பிற்பாடு எந்தப் பொம்மைப் பெட்டியில் போயிற்றோ, தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கூட்டாளி வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தான்.

"மச்சி, எங்க வூட்ட எடுக்கறாங்கடா. கரையில கீற எல்லாத்தையும். வேளச்சேரி தாண்டி எங்கியோ வூடு குடுத்துகிறாங்க. விஜயதசமி அன்னிக்கு நல்ல நாளு, காலையிலயே கெளம்பிடலாம்னு நைனா சொல்ச்சு."

வேளச்சேரி என்பது அப்போது எங்களைப் பொறுத்தவரை நார்வே.

"அதுக்குள்ள எம்டன கரை சேக்கணும்" என்றான். "நான் பாக்காம அது போய்ச் சேந்தா எனுக்கு இன்னா பிரயோஜனம்?"

சேர்த்துவிடலாம் என்றுதான் இருந்தது. சரஸ்வதி பூஜை அன்று காலையில் இன்னும் நானூற்றைம்பது கடல் மைல்தான் பாக்கி. நேரத்தை வேகமாக ஓட்டும் விசை ஒன்று உண்டு. அதை அழுத்தினால் மத்தியானத்துக்குள் துறைமுகம். அழுத்தப் போகும் நேரத்தில், பஞ்சகச்சமும் கையில் சந்தனக் கிண்ணமுமாக அப்பா வந்து நின்றார்.

"எழுந்திருங்கோடா. நல்ல நேரம் ஆரம்பிச்சாச்சு."

நான் செய்த காரியம் இதுதான்: பதறிப்போய்த் திரையை அணைத்தேன். கப்பலை நிறுத்தவில்லை. எம்டன் முழு வேகத்தில், மணிக்கு இருபத்தெட்டு கடல் மைலில், ஓட்ட ஆளில்லாமல் பிரான்சை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"சமத்து, நீயே அணைச்சுட்டயே" என்றார் அப்பா.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் வைப்பார்கள், ஆயுத பூஜைக்குக் கருவி வைப்பார்கள். கம்ப்யூட்டர் இரண்டுமே என்று அப்பா தீர்மானித்திருந்தார். மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். டப்பாவுக்கு மூன்று பட்டை திருநீறு. விசைப்பலகையில் எழுத்துக்கு எழுத்து வைக்க முடியாது என்பதால், தனியாக நாலு திக்கையும் காட்டிக்கொண்டிருந்த அம்புக்குறி விசைகளுக்கு மட்டும் திக்குக்கு ஒன்றாகக் குங்குமப் பொட்டு. எல்லாவற்றின் மேலும் அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவையைப் போர்த்தினார். தீபாராதனை ஆயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது.

எழுதக் கூடாது என்பதால் நாங்கள் மொட்டை மாடிக்குப் போய்ச் செங்கல் துண்டால் தரையில் கணக்குப் போட்டோம். செங்கல்லை யாரும் பூஜையில் வைக்கவில்லை. நானூற்றைம்பதை இருபத்தெட்டால் வகுத்தால் பதினாறு மணி நேரம். விடிகாலை மூன்று மணிக்கு எம்டன் பிரான்சின் பாறையில் மோதும். அதற்குமுன் எதிரி வராமல் இருந்தால்.

"உங்க நைனா கிட்ட சொல்லிடேன்" என்றான் கூட்டாளி.

"உயர்கணிதம் பண்றேன்னு அத்தைக்குக் கடுதாசியே போட்டுட்டார்டா."

அவன் செங்கல் துண்டைத் தூக்கி எறிந்தான். "சரி உடு. காலையில வண்டி ஏத்திட்டு வரேன். மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போறேன்."

கப்பலின் மூஞ்சியா, என் மூஞ்சியா என்று அவன் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மாமிகள் வந்தார்கள். அவர்களில் நன்றாகப் பாடக்கூடிய ஒரு மாமி கொலுவுக்கு எதிரே அமர்ந்து ஆலாபனையில் இறங்கிய நேரத்தில், பட்டுப்புடவைக்குள்ளிருந்து அந்தக் கீச்சுக் குரல் அலற ஆரம்பித்தது. எதிரி தென்பட்டுவிட்டான். மாமி சுருதிப் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை, யூ.பி.எஸ். கரண்ட் கம்மியா வந்தா அப்படித்தான் கத்தும்" என்றார் அப்பா, விஞ்ஞானத்தின் சார்பில்.

அம்மா எல்லோரையும் சுண்டல் சாப்பிட உள்ளறைக்கு அழைத்துப் போனாள். என் கையில் ஒரு தூக்கைக் கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினாள். படியிறங்கும்போது கூட்டாளி எதிரே வந்தான். அவனும் சுண்டலுக்குத்தான் வந்தான், அப்படித்தான் சொன்னான். நான் எதிர்வீட்டார் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத் திரும்பியபோது அலறல் நின்றிருந்தது. மூழ்கிவிட்டது, அதனால்தான் நின்றது என்று முடிவு செய்து, யாருக்கும் தெரியாமல் ஆயிரத்துச் சொச்சம் பேருக்காகவும் துக்கம் அனுஷ்டித்தேன். கூட்டாளி போயிருந்தான்.

விஜயதசமி காலை ஏழே முக்கால். வாசலில் அவனுடைய அப்பாவின் மீன்பாடி வண்டி. அதில் ஒரு பீரோ, பாய்ச் சுருள், அண்டா, மடக்குக் கட்டில். கூட்டாளி தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நெற்றியில் திருநீறோடு கூடத்து நிலைப்படியில் நின்றான். அப்பா மறுபூஜையை முடித்து, பட்டுப்புடவையை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

மேல்விசையிலும் கீழ்விசையிலும் குங்குமம் வைத்தது வைத்தபடி இருந்தது. இடது விசையிலும் வலது விசையிலும் கலைந்திருந்தது.

"யார் தொட்டது?"

அப்பாவின் பார்வை என்னைத் தாண்டி, நேராக நிலைப்படிக்குப் போனது. சமத்துவத்தைப் பற்றி மேடையில் ஒன்றரை மணி நேரம் குறிப்பில்லாமல் பேசக்கூடியவர் அவர். ஆனால் கண்ணுக்கு அந்தப் பேச்சு ஞாபகம் இருக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் இங்க தனியா நின்னுண்டிருந்தது நீதானே?"

"நின்னுகினு இருந்தேன் சார். தொடல."

"தொடாம இது எப்படிக் கலையும்?"

"எனுக்குத் தெர்ல சார். தொட்டுருந்தா தொட்டேன்னு சொல்லப் போறேன். இன்னிக்கு ஊர உட்டே போறவன், எனுக்கு இன்னா பயம்?"

வாசலில் அவனுடைய அப்பா வண்டியின் கயிற்றை இறுக்குவதை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார்.

சகாக்களே, இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் நானும் நம்பினேன். அவன்தான் தொட்டிருப்பான், தொட்டிருந்தால் கப்பல் பிழைத்திருக்கலாம் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. அவன் பொய் சொல்கிறவன் இல்லை என்பது ஒன்றரை மாதமாகத் தெரிந்திருந்தும். அவன் என்னைப் பார்த்தான். நான் கொலுவில் இருந்த செட்டியார் பொம்மையைப் பார்த்தேன். செட்டியார் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அப்பா, அவன் ஒண்ணும் பண்ணலை. நான்தான் கம்ப்யூட்டரை அணைக்கலை. திரையைத்தான் அணைச்சேன். உள்ள ஆட்டம் ஓடிண்டிருக்கு. கப்பல் ஆட்டம். திரிகோணமிதி இல்லை."

வாழ்க்கையில் நான் செய்த முதல் வீரச் செயல் இது. பலன் உடனே தெரிந்தது; நிலைமை இன்னும் மோசமாயிற்று.

"ஓஹோ! அப்போ ரெண்டு பேரும் சேர்ந்துண்டு, சரஸ்வதிக்குள்ள கப்பல் விட்டு, அதை ஓட்டறதுக்கு இவன் சாயங்காலம் வந்து..."

"நான்தான் தொட்டேன்."

அம்மா. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி சமையலறை வாசலில் நின்றாள்.

"நீயா?"

"பின்ன? அந்த மாமி பாடறா, அது பாட்டுக்குக் கத்திண்டிருக்கு. வந்தவாள்லாம் என்ன நினைச்சுப்பா? எல்லாரையும் சுண்டலுக்கு அனுப்பிட்டு, துணியைத் தூக்கிப் பட்டனை அழுத்தினேன். ரெண்டு சின்னக் கப்பல் எதிர்க்க வந்துண்டிருந்தது. இடது பக்கம் திருப்பி மேகத்துக்குள்ள விட்டேன். சத்தம் நின்னுது. கால் மணி கழிச்சு வந்து பார்த்தேன், அதுகள் போயிடுத்து. பழையபடி வலது பக்கம் திருப்பிட்டேன். இந்தப் பையன் சுண்டல் தின்னுட்டுக் கூடத்துக்கு வந்தது அதுக்கப்பறம். அவன் துணியைக்கூடத் தொடலை. அங்கேயே கையைக் கட்டிண்டு, ஏதோ பிரேதத்தைப் பாக்கற மாதிரி பாத்துண்டு நின்னான். எனக்கே கஷ்டமா இருந்தது. ஆனா அதுக்குள்ள நீங்க சுண்டலை முடிச்சுண்டு வந்துட்டேளே, எப்படிச் சொல்றது?"

"பூஜைல வெச்சதை..."

"சரஸ்வதி கோச்சுண்டா என்னைக் கோச்சுக்கட்டும். ஆயிரம் பேர் முழுகிப் போயிருந்தா யார் சமாதானம் சொல்றது?"

"உனக்கு இது எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"ஒன்றரை மாசமா இதுகளுக்குப் பின்னாடி உக்காந்து பூ தொடுக்கறேன். கண்ணை மூடிண்டா தொடுக்கறேன்?"

நான் நடுவில் புகுந்தேன். "ஆனா ராத்திரியே பாறைல மோதியிருக்குமேம்மா."

"அதான் வேகத்தைக் கொறைச்சுட்டேனே. பதினாறு வெச்சேன். இவன் காலம்பற எட்டு மணிக்கு வந்து பாக்கணுமோன்னோ? காலம்பறச் சுண்டலுக்கு முதல்நாள் எத்தனை மணிக்குக் கடலை ஊறப்போடணும்னு கணக்குப் பண்றவளுக்கு இது ஒரு கணக்கா?"

நான் பாய்ந்து திரையைப் போட்டேன்.

நீலக் கடல். சாம்பல் கப்பல். தூரத்தில் பச்சையாக ஒரு கோடு, பிரான்ஸ். துறைமுகம் இன்னும் இருபத்துச் சொச்சம் மைல். எம்டன் மணிக்குப் பதினாறு மைலில், அவசரமே இல்லாமல், மாசி மகத்துக்குப் போகிறவர்கள் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"தோ டா!" என்றான் கூட்டாளி. நிலைப்படியைத் தாண்டவில்லை. தாண்டலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்பா நெடுநேரம் தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் அவருக்குமுன் யாருக்கும் இருந்ததில்லை. அவர் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் சம்பிரதாயத்தில் ஒரு வழி கிடைத்தது.

"இன்னிக்கு விஜயதசமி. பூஜைல வெச்சதை எல்லாரும் கொஞ்சமாவது எடுத்துப் பாடம் பண்ணணும். அதான் வழக்கம்" என்றார். பிறகு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். கூட்டாளியைப் பார்த்து, "நீ முதல்ல உக்காரு" என்றார்.

"கால் கழுவிட்டேன் சார்" என்றான் அவன்.

"தெரியும். உக்காருப்பா."

அவன் உட்கார்ந்தான். நேரத்தை வேகமாக ஓட்டும் விசையைக் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான். "அவசரம் இல்ல மச்சி, நைனா நிக்கும்." ஆனால் பத்தாவது நிமிடம் வெளியிலிருந்து வண்டியின் மணி அடித்ததும் அழுத்தினான். கரை நெருங்கியது. அலைதடுப்புச் சுவருக்கு நடுவே ஒடுங்கிய வாய். நானாக இருந்தால் அங்கே ஒன்பதாவது முறையாக மூழ்கடித்திருப்பேன். அவன் இடது, இடது, கொஞ்சம் வலது என்று குங்குமம் ஒட்டிய விரலால் தட்டித் தட்டி, கப்பல் வரப்போகும் இடத்தை முன்கூட்டியே பார்த்து நுழைத்தான்.

எங்கள் தலைகளுக்கு மேலே அப்பா குனிந்திருந்தார். கோபம் எப்போது போயிற்று என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இதுக்கு என்னடா பேர் வெச்சிருக்கேள்?"

"எம்டன் சார்."

"தப்பு" என்றார் அப்பா. "எம்டன் லைட் குரூசர். சின்னது. இது ஹெவி. எம்டனோட குண்டு இதுல பாதி எடைகூட..." என்று ஆரம்பித்து, கூஜாவரைக்கும் சொல்லி முடித்தார். கூட்டாளி மரியாதையாகக் கேட்டுக்கொண்டே கப்பலைக் கரையில் கட்டினான். சேமிக்கவா என்று திரை கேட்டது. சேமித்தோம்.

"எல்லாரும் கரை ஏறியாச்சா?" என்றாள் அம்மா.

"ஏறியாச்சும்மா."

"பாவம், மூணு வாரமா என்ன சாப்பிட்டாளோ" என்று சொல்லி, வாசலில் நின்ற அவனுடைய அப்பாவுக்கும் சேர்த்துப் பொங்கலை இலையில் வைத்துக் கட்டினாள். என் அப்பா அதைத் தானே எடுத்துப்போய்க் கொடுத்தார். வண்டி ஓரம் நின்று இருவரும் ஏதோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் அப்பா பீரோவைக் கையால் அசைத்துப் பார்த்து, கயிறு போதாது என்று சொல்லியிருப்பார்.

வண்டி புறப்பட்டது. கூட்டாளி பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்தான், கம்ப்யூட்டர் பெட்டிமேல் வந்தானே, அதே தோரணையில். தெருமுனையில், "லெப்ட்ல உடு நைனா, லெப்ட்ல" என்று அவன் கத்துவது கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நான் அழுதேன். அந்த வாரம் முழுக்க விட்டுவிட்டு அழுதேன். அதோடு நிற்காமல் பிரிவைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினேன். பதினெட்டு வரி. கடல், கரை, மேகம், கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. கண்ணீர் மட்டும் மூன்று இடத்தில். அதைச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் நின்று காற்றுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, கீழே குழாயடியில் யாரோ கால் கழுவுகிற சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன்.

"இன்னா மச்சி, மேல நின்னுகினு யார் கூடப் பேசிக்கினு கீற?" என்றான் கூட்டாளி. "ரெண்டு பஸ்ஸு மாறணும். அவ்ளோதான். நான் கூட ரொம்ப தூரம்னு நெனச்சேன்."

கவிதையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அது துணியோடு வெளுப்புக்குப் போய், கஞ்சிபோல் திரும்பி வந்தது. தமிழுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து இடம் கொடுத்தார். ஒன்றேகால் பக்கம் ஒன்றரைப் பக்கமாகியிருந்தது. திரை வெளிச்சமானது. எம்டன் துறைமுகத்தில் கட்டியபடி காத்திருந்தது.

உள்ளே தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். கூடவே அம்மாவின் குரல்.

"வந்துட்டானா? ரெண்டு பேரும் மொதல்ல சாப்பிட்டுட்டுக் கிளம்புங்கோ. இந்தத் தடவையும் சரக்குக் கப்பலைச் சுடப்படாது, சொல்லிட்டேன்!"